ஓண லீவுக்கு மீனுவை அனுப்பாதீர்கள்

சாலை, திருவனந்தபுரம்
11 ஆகஸ்ட் 2025

ஒலிவக்கன்று இல்லத்து வார்டன் கொச்சம்மாவுக்கு,

நான் உலகம்மை. உங்களிடம் ஏழாம் வகுப்புப் படிக்கும் மீனுவின் அம்மா. பிள்ளைகள் உங்களைக் கொச்சம்மா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பாஸ்டரின் மனைவியை எப்படி அழைப்பது என்று எங்கள் ஆட்களில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தப்பிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஓண லீவுக்கு மீனுவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஜூனில்தான் சேர்த்தேன், இது அவளுக்கு முதல் லீவு, ஆசையாகத்தான் இருப்பாள். இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

என் புருஷன் நீலகண்டன் இங்கே சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எதிரில் யார் வந்தாலும் கும்பிடு. நீங்களும் பார்த்தீர்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அவர் வேறு ஆள். சித்திரையில் என் மேல் வீசிய கொதிகஞ்சி, குறுக்கே வந்த மீனுவின் தோளில் விழுந்தது. அந்தத் தழும்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவளே அடுப்பிலிருந்து கவிழ்த்துக் கொண்டாள் என்று சேர்க்க வந்த அன்று அவர் சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய? அவர் கை என் முதுகில் இருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள், அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். எதையாவது சொல்லி அங்கேயே வைத்துக் கொள்ளுங்கள்.

போன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். வீட்டில் ஒரே போன், அது அவர் சட்டைப்பையில். நான் மசாலா பாக்கெட் போடும் மளிகைக் கடை விலாசம் கீழே இருக்கிறது. பில் போடும் ஸ்வப்னா வாங்கி என்னிடம் தருவாள்.

உலகம்மை


கல்லாறு
16 ஆகஸ்ட் 2025

அன்பான சகோதரி உலகம்மைக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. மீனு சுகமாயிருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். பாடகர் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல். ஞாயிற்றுக்கிழமை அவள் பாடும்போது வழியே போகிற பொன்முடி பஸ்ஸில் இருப்பவர்கள்கூட தலையை நீட்டிப் பார்க்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். லீவில் பிள்ளைகள் பெற்றோரிடம் போக வேண்டும் என்பது இல்லத்தின் ஒழுங்கு. குடும்பத்தைச் சேர்க்கத்தான் இந்த இல்லம், பிரிக்க அல்ல. இல்லாத வியாதியை இருக்கிறது என்று சொல்ல என் நாக்கு வராது, அதை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

மேலும், இரண்டு பக்கமும் கேட்காமல் ஒரு பக்கத்தை நம்புவது எங்கள் வழக்கமில்லை. ஆகவே உங்கள் கணவருக்குப் போன் செய்தேன். போன் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடம் பேச நான் செய்யவில்லை, அவரிடம் பேசத்தான் செய்தேன். எவ்வளவு மரியாதையாகப் பேசினார்! "எனக்க மிஸஸ் கொஞ்சம் வெப்ராளக்காரியாக்கும் கொச்சம்மா, ஒண்ணுமில்லாததுக்கும் பதறுவா, பிள்ளைய நினைச்சு நினைச்சு அவளுக்கு இப்பிடித்தான், நீங்க ஒண்ணும் விசாரிக்காண்டாம்" என்று சிரித்தார். உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதும் கடிதம் கோபம் தணிந்த பிறகு எழுதியவரையே வெட்கப்படுத்தும். கொஞ்சம் பொறுமையாயிருங்கள். நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ரோஸ்லெட் ஞானையன்


சாலை
20 ஆகஸ்ட் 2025

கொச்சம்மாவுக்கு,

எழுதுவது ஸ்வப்னா. சொல்வது நான். என் வலது கையில் மாவுக்கட்டு.

நீங்கள் போன் செய்த அன்று அவர் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு சீக்கிரமே வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார், ஜன்னலைச் சாத்தினார். "கொச்சம்மாக்கு லெட்டர் எழுதுத கை எதுட்டி?" என்று கேட்டார். நான் இடது கையைக் காட்டினேன். என்னோடு குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரியாதா? வலது கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தடவையில் உடையவில்லை. மறுபடி திறந்தார்.

இரண்டு பக்கமும் கேட்டாகிவிட்டதல்லவா, இப்போது திருப்தியா?

போலீசுக்குப் போ என்பீர்கள். ஒரு தடவை போயிருக்கிறேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சாயா வாங்கித் தந்து, குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் வாங்கியதை உங்களிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என்னை விடுங்கள். நான் வாங்கப் பழகினவள். மீனுவை அனுப்பாதீர்கள், உங்கள் கால் பிடித்துக் கேட்கிறேன்.

உலகம்மை

(கொச்சம்மே, இது நான், ஸ்வப்னா. சேச்சிக்கு ஒரு கண் திறக்க முடியவில்லை. அதை எழுதாதே என்கிறாள். நான் எழுதுகிறேன்.)


கல்லாறு
1 செப்டம்பர் 2025

அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த நாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. உங்கள் கை உடைந்ததற்கு நானும் காரணம். மீனுவை அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, சமையல்காரியிடம் ஓணத்துக்கு ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் நடந்தது. எங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி சொல்ல நேரம் கொடுப்போம். யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். கடைசிப் பெஞ்சிலிருந்து உங்கள் கணவர் எழுந்தார். "நான் குடிகாரனாக்கும். கள்ளும் சாராயமும் என்னை மிருகமாட்டு மாத்திப் போட்டு. எனக்க பெஞ்சாதிக்க கைய ஒடிச்ச பாவி நான். இனி ஒரு துள்ளி தொடமாட்டேன்" என்று தரையில் விழுந்து அழுதார். சபையில் அழாதவர்கள் இல்லை. எங்கள் இல்லத்துக் கமிட்டி செக்ரட்டரி ஞானசிகாமணி ஐயா ஓடிப்போய்த் தூக்கிக் கட்டிப்பிடித்தார்.

சகோதரி, என் கணவர் ஞானையன் பாஸ்டரும் குடியில் கிடந்து எழுந்தவர்தான். எங்கள் கல்யாணமான புதிதில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் அவர் இதே போல எழுந்து நின்று அழுதார், அதற்குப் பிறகு சாகும்வரை என்மேல் கை வைக்கவில்லை. அந்தக் கண்ணீரை எனக்குத் தெரியும்.

மீனுவை அவருடன் அனுப்பியிருக்கிறேன். புது உடுப்பும் கொடுத்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் உங்கள் பக்கத்தில் இருப்பாள். சந்தோஷமாக ஓணம் உண்ணுங்கள்.

ரோஸ்லெட் ஞானையன்


கல்லாறு
22 செப்டம்பர் 2025

அன்பான சகோதரிக்கு,

என் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதிலே இல்லை. கை இன்னும் சரியாகவில்லையோ?

மீனுவை அவள் அப்பா நல்லபடியாகக் கொண்டுவந்து விட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரைவரட்டி இனிப்பு வாங்கி வந்தார். மீனுவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆயாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன், உங்களுக்காகத்தான்.

ஒரு காரியம் மட்டும். அவள் பாட மாட்டேன் என்கிறாள். கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி இப்போதே தொடங்கிவிட்டது, முதல் குரல் அவள்தான். வரிசையில் நிற்கிறாள், வாயைத் திறப்பதில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். தொண்டை வலியா என்று டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார். வீட்டில் செல்லம் கூடிப்போனால் பிள்ளைகள் திரும்பி வந்து இப்படித்தான் சண்டித்தனம் செய்யும். போன வாரம் பாடும்வரை முன்னால் நிற்க வைத்தேன். சாயங்காலம்வரை நின்றாள். பிறகு உள்ளங்கையில் பிரம்பால் கொடுத்தேன். அழவில்லை, பாடவும் இல்லை.

நீங்கள் அம்மா, ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்.

ரோஸ்லெட் ஞானையன்


சாலை
30 செப்டம்பர் 2025

கொச்சம்மாவுக்கு,

கட்டு பிரித்துவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும், வாசித்துக் கொள்ளுங்கள்.

உங்கள் நீலகண்டன் எதைக் குடித்தார், எதை விட்டார்? அந்த மனுஷனுக்குக் கள்ளுக்கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கிறவர். வெங்காயம்கூடத் தொடமாட்டார். குடிக்காமல், நிதானமாக, புத்தியோடுதான் அடிக்கிறார். உங்கள் சபைக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் "அழுது காட்டினா போதும்ட்டி, பிள்ளையத் தூக்கித் தருவாவ" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். சவம்! நீங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதீர்களே.

மீனு உடம்பில் கீறல் இல்லை என்று பார்த்தீர்களாம். இருக்காது. அவளை அவர் தொடவே இல்லை.

திருவோணத்தன்று பாயசம் குடித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மீனுவை ஸ்டூலில் உட்கார வைத்து, "கொச்சம்மா படிப்பிச்ச பாட்டெல்லாம் பாடு மோளே, உரக்கப் பாடு, அடுத்த வீட்டுக்காரனும் கேக்கட்டு" என்றார். பிள்ளை சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். அவர் என் வாயில் துணியை அடைத்தார். அவள் பாடப் பாட என்னை அடித்தார். நிறுத்தினாள். "நிறுத்தினியோ?" என்று கேட்டு என் உடைந்த கையைப் பிடித்துத் திருகினார். அவள் திரும்பவும் பாடினாள். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. லீவு முடியும்வரை தினமும் இதே கதை. பக்கத்து வீட்டு அம்மா என்னைக் குழாயடியில் பார்த்து, "உங்க மோளுக்கு என்ன ஸ்வரம்! கண் நிறைஞ்சு போச்சு" என்றாள்.

அந்தப் பிள்ளை பாடவில்லை என்று நீங்கள் பிரம்பெடுத்தீர்கள். அவள் பாடினதற்கு அவர்கூட என்னைத்தான் அடித்தார், அவளை இல்லை.

இதற்குமேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

உலகம்மை


கல்லாறு
6 அக்டோபர் 2025

உலகம்மை,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு கடிதம் கிழித்துப் போட்டேன்.

மீனுவைத் தனியாகக் கூப்பிட்டு, கொச்சம்மா தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். "சாரமில்ல, பரவாயில்ல கொச்சம்மா, வலிக்கல" என்றாள். அதைக் கேட்டபிறகு எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவளை அனுப்ப மாட்டேன். அது என் வார்த்தை. ஆனால் வார்டனின் வார்த்தை மட்டும் போதாது. உங்கள் கணவர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். மகளைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானசிகாமணி ஐயா, "மனந்திரும்பின மனுஷனைச் சந்தேகப்படலாமா கொச்சம்மா? அந்த அம்மா நேரில் வந்து சொன்னார்களா?" என்றார். தகப்பன் கேட்டால் கொடுக்காமல் இருக்க நமக்கு என்ன உரிமை என்றும் கேட்டார்.

நீங்கள் நேரில் வந்து கமிட்டியில் சொல்ல வேண்டும். பஸ் செலவுக்கு, துணைக்கு, எல்லாவற்றுக்கும் நான் இருக்கிறேன். வாருங்கள்.

ரோஸ்லெட்


சாலை
10 டிசம்பர் 2025

கொச்சம்மா,

வரச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. வந்து சொன்னால் அன்று சாயங்காலம் நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது? அதற்கு உங்கள் கமிட்டியிடம் பதில் இருக்கிறதா?

அவர் ஏன் இப்படி மீனுவைக் கேட்டு அலைகிறார் என்று உங்களுக்கு விளங்கியிருக்காது. என்னை அடித்து அவருக்கு அலுத்துவிட்டது. நான் அழுது வருஷக்கணக்காகிறது. மரக்கட்டையை அடிக்கிறதுபோல் இருக்கிறது என்று அவரே சொல்வார். ஓணத்துக்கு மீனு பாடும்போது அழுதேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குக் கமிட்டி அனுப்பிவிடும் என்று இப்போதே பாயசம் அடைப்பிரதமனா, பால் பாயசமா என்று என்னைக் கேட்கிறார். தேங்காய் வெட்டுகிற வெட்டுக்கத்தியை நான் இரண்டு தடவை தலையணைக்கடியில் வைத்து, இரண்டு தடவையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மூன்றாவது தடவையும் எடுத்து உள்ளே வைப்பேன் என்று சொல்ல முடியாது. மீனு அந்த வீட்டுக்குள் வந்தால் எங்கள் மூன்று பேரில் ஒருவர் சாவது நிச்சயம். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டுமா?

எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள்.

உலகம்மை


கல்லாறு
23 டிசம்பர் 2025

உலகம்மை,

ஸ்வப்னா உங்களிடம் பாதி சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்காமல்.

ஞாயிறு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் வந்தார். மீனுவைக் கூட்டிப் போகலாம் என்ற கமிட்டி தீர்மானம் அவர் கையில் இருந்தது. நான் தரமாட்டேன் என்றேன். ஞானசிகாமணி ஐயா, ஆராதனை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்.

சாட்சி நேரத்தில் அவர் எழுந்தார். கர்த்தர் தன் குடும்பத்தைக் கட்டினார் என்றார். பிறகு, "எனக்க மோள் ஒரு பாட்டு பாடட்டு. வா மோளே, ஓணத்துக்கு அப்பாக்குப் பாடினியே, அதுபோல" என்றார். சபை கைதட்டியது.

மீனு எழுந்து முன்னால் வந்தாள். மறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்து, மூத்திரம் கால் வழியாகத் தரையில் ஓடியது. அப்படியே நின்று, வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாள்.

ஆராதனைக்கு அடிக்கும் வெண்கலக் கைமணி என் பக்கத்து மேசையில் இருந்தது. அதை எடுத்து அவர் வாயில் அடித்தேன். பல் உடைந்த சத்தம் கேட்டது. அவர் பெஞ்சில் சரிந்தார். குனிந்து மறுபடி அடித்தேன். ஞானசிகாமணி ஐயா என் தோளைப் பிடித்தார், அவரை முழங்கையால் தள்ளிவிட்டு இன்னும் அடித்தேன். என் வெள்ளைப் புடவையெல்லாம் ரத்தம். மீனு அப்போதும் பாடிக்கொண்டிருந்தாள். "போதும் மோளே, நிறுத்து, இனி யாரும் அடிக்கமாட்டாவ" என்று நான் கத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

அறுபது தாண்டினவள் நான். என் கையில் இப்படி ஒரு பலம் இருந்தது எனக்கே தெரியாது. அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது, உலகம்மை. அதைத்தான் ஜெபத்தில் சொல்ல முடியாமல் கிடக்கிறேன்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாடை உடைந்திருக்கிறது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இந்த அடியையும் அவர் வீட்டுக்கு வந்து உங்களிடம் தீர்ப்பார் என்பதுதான். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சாலைக் கடைவீதி திறந்திருக்கும் என்று நினைத்துக் கடைக்குப் போன் செய்து, உலகம்மை இன்றைக்கு வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஸ்வப்னாவிடம் சொன்னேன். இந்தத் தடவையாவது சரியான ஆளுக்குப் போன் செய்தேன்.

மணி கைதவறிப் பட்டது என்று போலீசில் சொல்லச் சொன்னார்கள் கமிட்டியார். வேண்டுமென்றேதான் அடித்தேன் என்று சொல்லிவிட்டேன். கேஸ் எழுதி ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியோடு வேலையும் போகிறது. புது வார்டன் வருவார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த லீவுக்கு அவரும் அனுப்புவார். ஜனவரி ஏழாம் தேதி அரசாங்கத்தின் குழந்தைகள் நலக் கமிட்டி மீனுவைப் பற்றி விசாரிக்கிறது. நான் இனி இல்லத்தில் இல்லை. சொல்வதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ரோஸ்லெட்


8 ஜனவரி 2026

கொச்சம்மா,

எங்கே இருக்கிறேன் என்று மேலே எழுதவில்லை. யாராவது கேட்டால் நீங்கள் உள்ளதைச் சொல்லிவிடுவீர்கள், அதனால்தான். பயப்படாதீர்கள், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையில் இருக்கிறேன். அன்று ஸ்வப்னா வந்து, "கொச்சம்மா மணியெடுத்து அடிச்சு பல்லு தெறிப்பிச்சு சேச்சி" என்றபோது நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, மிளகாய் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். அவரை யாராவது அடிப்பார்கள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

நேற்று விசாரணையில் உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டதால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என்னைக் கேட்டார்கள். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், வாயெல்லாம் கம்பியும் கட்டும். இருந்தாலும் என்னைப் பார்த்தார், அந்தப் பழைய பார்வை. புடவையை விலக்கி முதுகைக் காட்டினேன், கையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், மலையாளத்தில், தெரியாத இடத்தில் தமிழில். கமிட்டித் தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஞானசிகாமணி ஐயாவும் இருந்தார். அவருக்கு நிமிர முடியவில்லை.

பிறகு மீனுவைக் கூப்பிட்டார்கள். "வீட்டில் போகணோ மோளே?" என்று கேட்டார் தலைவரம்மா. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து காதில், "அம்மா, அப்பாவுக்கு இப்போ பேச முடியாதா?" என்று கேட்டாள். முடியாது மக்களே என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள் பாருங்கள். கஞ்சி, கதவு, ஸ்டூல், ஒன்றையும் விடவில்லை. "நான் பாடினா அம்மைய அடிப்பாரு. நிறுத்தினா அதைவிட அடிப்பாரு. எது செய்யணும்னு எனக்குத் தெரியல. நான் பாடினதுனாலதான் அம்மைக்கு அடி" என்றாள். இத்தனை மாதம் அந்தப் பிள்ளை இதை நினைத்துக்கொண்டா வாயை மூடியிருந்தாள்? அங்கேயே அவளைக் கட்டிப்பிடித்து, இல்லை, உன்னால் இல்லை என்று சொன்னேன். நம்பினாளா தெரியாது.

எந்த லீவுக்கும் மீனுவை அவரிடம் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்க்கலாம். எனக்கென்று நிலையான இடம் கிடைத்தால் என்னிடம் தருவார்கள். அவர் பேரில் கேஸ் எடுக்கப் போலீசுக்கும் எழுதியிருக்கிறார்கள். என்ன நடக்குமோ, பார்க்கலாம்.

கடைசியாக, வேறு யாராவது உன்னை அடித்தார்களா மோளே என்று கேட்டார்கள். மீனு என்னைப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது, நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. எல்லாம் சொல்லு என்றேன்.

"கொச்சம்மா பிரம்பால அடிச்சாங்க, பாடாததுக்கு" என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

உலகம்மை